இருநூறு: ரயரின் பக்கச்சுவரில் இருக்கும் ஓர் இலக்கத்தின் கதை

அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த கார் ரயர் ஒன்றைக் குனிந்து பாருங்கள். அளவு, கொம்பனியின் பெயர், வேகக் குறி எல்லாவற்றுக்கும் இடையில் 'ட்ரெட்வெயர்' என்ற சொல்லும் பக்கத்தில் ஓர் இலக்கமும் சின்னதாக இருக்கும். வீட்டுப் பாவனைக் காரென்றால் 400, 500, சிலவேளை 700 கூட இருக்கும். ரயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைச் சொல்லத்தான் அந்த இலக்கம். அதைப் பார்த்து ரயர் வாங்குகிற ஆக்கள் குறைவு. ஆனால் வார இறுதியில் தங்கட சொந்தக் காரையே கொண்டுபோய்ப் போட்டி ஓடிப் பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு இந்த இலக்கம்தான் பேச்சும் மூச்சும். அதிலும் ஒரே ஓர் இலக்கம்: 200.

'எந்த ரயர் வாங்கலாம்?' என்று கேட்டால் நாங்கள் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு வருசத்தில் அந்தப் பெயர் பழசாகிவிடும். 200 எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தால், கடையில் நிற்கும்போது எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று உங்களுக்கே விளங்கும். அதனால் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

அதுக்கு முதல் இரண்டு சொற்கள். ஓட்டோக்ரொஸ் என்பது பெரிய வாகனத் தரிப்பிடத்திலோ பழைய விமான ஓடுபாதையிலோ செம்மஞ்சள் கூம்புகளை நிறுத்தி, வளைந்து நெளிந்த பாதை ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு காராக நேரத்துக்கு எதிராக ஓட விடுவது. ஒரு ஓட்டம் ஒரு நிமிடம் வரைதான் இருக்கும். கூம்பைத் தட்டினால் நேரம் கூட்டப்படும், அவ்வளவுதான். ட்ராக் டே அப்படியில்லை. முழுமையான பந்தயத் திடலில் 20 நிமிடம், அரை மணித்தியாலம் என்று தொடர்ந்து சுற்றுவது. பரிசு கிடையாது, ஆசைக்கு ஓடுவது. இரண்டுக்கும் வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த காரையே பாவிக்கலாம்.

சரி, ரயர். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் இறப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் உருகாத, குளிரில் வெடிக்காத இறப்பரைக் கண்டுபிடித்தார். 1845இல் ஸ்கொட்லாந்துக்காரர் ரொபர்ட் வில்லியம் தொம்சன் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை எடுத்தார். அதை எல்லாரும் மறந்துபோன பிறகு, 1888இல் பெல்ஃபாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த டன்லொப் தன்ர மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காக அதையே திரும்பவும் கண்டுபிடித்தார். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த ரயர் பூட்டிய காரை ஓட்டினார்கள். வழி முழுக்க ரயருக்குக் காற்றுப் போய்க்கொண்டே இருந்தது. வெல்லவில்லை. ஆனாலும் கனமான கார் ஒன்று காற்றின் மேல் ஓடலாம் என்று காட்டிவிட்டார்கள்.

இந்தக் கதைகள் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் கிடைக்கும். எங்களுக்கு முக்கியமானது, அந்த இறப்பர் எங்கேயிருந்து வந்தது என்பது. அங்கேதான் நாங்களும் கதைக்குள் வருகிறோம்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது 3,000கூட இல்லை. முளைத்ததில் பெரும்பங்கு, சுமார் 1,900 கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றை நட்டது கம்பகாவுக்குப் பக்கத்தில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அது ஒரு தொட்டில். பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் தோட்டங்கள் பெருகின, மலாயாவில் அதைவிடப் பல மடங்கு பெருகின. இரண்டு இடத்திலும் விடியப்புறம் கத்தியோடு போய்ப் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். அமெரிக்காவில் மொடல் ரீ கார்கள் இலட்சக்கணக்கில் ஓடத் தொடங்கியபோது அவற்றின் சில்லுகளில் இருந்தது இந்த ஆக்களின் உழைப்பு. வீதிப் பந்தயங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

1942இன் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவையும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தது. அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த இயற்கை இறப்பரில் சுமார் 90 வீதம் ஒரேயடியாக நின்றுபோனது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய தோட்டம் இலங்கைதான். மரத்தின் ஆயுளைப் பாராமல், பட்டை முழுவதையும் வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். அது போதாது என்று அமெரிக்க அரசாங்கமே பணம் போட்டு, ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்ற இரண்டு இரசாயனங்களிலிருந்து செயற்கை இறப்பர் செய்யும் தொழிற்சாலைகளைக் கட்டியது. 1945 ஆகும்போது அங்கே ஆண்டுக்கு 7 இலட்சம் தொன்னுக்கு மேல் செயற்கை இறப்பர் செய்யப்பட்டது.

போர் முடிந்த பிறகு ஒரு விசயம் மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டு பந்துகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று நிலத்தில் போட்டால் துள்ளி மேலே வருகிறது. மற்றது 'தொப்' என்று விழுந்து கிடக்கிறது. துள்ளுகிற பந்து தனக்குக் கிடைத்த சக்தியைத் திருப்பித் தருகிறது, துள்ளாத பந்து அதை உள்ளுக்குள் வெப்பமாக்கிவிடுகிறது. இயற்கை இறப்பர் துள்ளுகிற சாதி. 1950களில் கேம்பிரிட்ஜில் டேவிட் ரேபரும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டியது இதுதான்: ஈரமான, வழுக்குகிற தரையில்கூட, துள்ளாத இறப்பர் கூடுதலாக உராயும். ஏனென்றால் தாரில் உள்ள சின்னச் சின்னக் கற்களின் மேல் மடிந்து நிமிரும்போது அது சக்தியை இழக்கிறது. அந்த இழப்புத்தான் எங்களுக்குப் பிடிமானமாகக் கிடைக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், மிச்சக் கதை முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது. நன்றாகப் பிடிக்கிற ரயர் சக்தியை வீணாக்கும், சூடாகும், பெற்றோலைக் குடிக்கும், பெரும்பாலும் கெதியாகத் தேயும். நெடுநாள் உழைக்கிற ரயர் வளைவில் அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டையும் ஒன்றாகத் தருகிறோம் என்று விளம்பரம் சொன்னால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். 1992இல் மிஷெலின் சிலிக்கா கலந்த ரயரைக் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கு கொஞ்சம் தளர்ந்தது உண்மை, ஆனாலும் முற்றாக மாறவில்லை. காரின் தரையைப் பிடிக்கும் மேற்பரப்பு இன்றைக்குப் பெரும்பாலும் செயற்கை இறப்பர். ஆனால் உள் உடம்பிலும் பக்கச்சுவரிலும் இன்னும் இயற்கை இறப்பர் இருக்கிறது, அது குறைவாகச் சூடாகும், கிழியாமல் தாங்கும் என்பதால்.

இப்போது இலக்கத்துக்கு வருவோம். 1965இல் ரால்ஃப் நேடர் அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பின்மையைப் பற்றி எழுதிய புத்தகம் பெரிய சத்தத்தைக் கிளப்பியது. அடுத்த வருசமே வந்த வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில், ரயர்களை ஒரே அளவுகோலால் தரப்படுத்த வேண்டும் என்றும் ஒரு பகுதி இருந்தது. வாங்குகிற சாதாரண ஆளுக்குக் கொம்பனியின் வாய்ப்பேச்சைத் தவிர வேறு தகவலே இருக்கவில்லை என்பதுதான் காரணம். ரயர் கொம்பனிகளுக்கு இது பிடிக்கவில்லை, நீதிமன்றம் வரை போனார்கள். 1976இல் வந்த ஒரு தீர்ப்பு பி.எஃப். குட்ரிச் கொம்பனியின் பெயரிலேயே இருக்கிறது. சட்டம் வந்து பத்து வருசத்துக்கும் மேல் இழுபட்டு, 1970களின் கடைசியில்தான் தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தது.

ரெக்சாஸில் சான் ஆஞ்சலோ என்ற ஊரைச் சுற்றி ஏறத்தாழ 640 கிலோமீற்றர் நீளமான பொது வீதிச் சுற்று இருக்கிறது. அதில் கார்கள் வரிசையாக, மொத்தம் 7,200 மைல் ஓடும். ஒரு காரில் சோதிக்கிற ரயர், இன்னொன்றில் ஒப்பிடுவதற்கான அளவை ரயர். அளவை ரயரின் தேய்வு 100 என்றால், அதைவிட இரண்டு மடங்கு உழைக்கும் என்று கணக்கிடப்படும் ரயருக்கு 200. கடைசிவரை தேய்த்துப் பார்ப்பதில்லை, கொஞ்சம் தேய்ந்ததை வைத்து மிச்சத்தைக் கணக்குப் போடுகிறார்கள். முக்கியமான விசயம் என்னவென்றால், அந்த இலக்கத்தைப் போடுவது அரசாங்கம் இல்லை, ரயர் செய்கிற கொம்பனியே. சோதனை காட்டியதைவிடக் கூட்டிப் போடக்கூடாது, குறைத்துப் போடலாம். ஒரு கொம்பனியின் 300ஐ இன்னொரு கொம்பனியின் 300ஓடு ஒப்பிடுவது ஏன் சரிவராது என்று இப்ப விளங்கும்.

பக்கத்தில் இருக்கும் ஏஏ, ஏ, பி, சி என்ற பிடிமானத் தரத்தையும் பார்த்து ஏமாறாதேங்கோ. நனைந்த தரையில், சில்லைப் பூட்டி, நேர்கோட்டில் இழுத்துப் பார்க்கிற சோதனை அது. வளைவில் என்ன நடக்கும் என்று அது ஒன்றுமே சொல்லாது.

இனி மைதானம். அமெரிக்காவின் விளையாட்டுக் கார்க் கழகமான எஸ்.சி.சி.ஏ. 1944இல் தொடங்கியது. 1952 முதல் 1954 வரை விமானப்படைத் தளபதி கேர்ட்டிஸ் லெமே, குண்டுவீச்சு விமானத் தளங்களைக் கார்ப் பந்தயத்துக்குத் திறந்துவிட்டார். ஹிரோஷிமாவுக்கு முதல் தோக்கியோவை எரித்த அதே ஆள். கூம்பு வைத்து ஓடுகிற போட்டிக்கு 1973இலிருந்து தேசிய சம்பியன்ஷிப் நடக்கிறது. நெடுங்காலமாக அது நடந்துவரும் இடம் நெப்ராஸ்காவின் லிங்கனில், இதுவும் ஒரு பழைய விமானத்தளத்தின் கொங்கிறீற்.

யாரும் வரலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் அழகு. ஆனால் 1980களுக்குப் பிறகு, பெயருக்கு வீதியில் ஓடலாம் என்று அனுமதி பெற்ற போட்டி ரயர்கள் வந்தன. அவற்றின் தேய்வு இலக்கம் 40, 50 என்றுதான் இருக்கும், தவாளிப்பு என்று பார்த்தால் இரண்டு கோடு. அவற்றில் வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வர முடியாது. அதனால் காருக்குப் பின்னால் சின்ன இழுவைப் பெட்டி கட்டி, நான்கு ரயரை ஏற்றிக்கொண்டு வந்து, மைதானத்தில் மாற்றிப் பூட்டி, ஓடி முடிந்ததும் திரும்ப மாற்றிக்கொண்டு போனார்கள். கார் சாதாரணமானது, ரயருக்கு மட்டும் பணம் தண்ணியாய்ப் போனது. மாணவர்களும் புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டி வந்தது.

அதுக்கு மாற்றாகத்தான் வீதி ரயர் வகுப்புகள் வளர்ந்தன. 2000களில் 'ஸ்ட்ரீட் ருவறிங்' வகுப்புகளில் ரயரின் இலக்கம் குறைந்தது 140 ஆவது இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. 2014இல், மாற்றியமைக்காத கார்களின் பிரிவையே போட்டி ரயரிலிருந்து வீதி ரயருக்கு மாற்றினார்கள். சிறிது காலத்தில் 140ஐ 200 ஆக்கினார்கள். வந்த ரயரிலேயே ஓடு, அதிலேயே வீட்டுக்குப் போ என்பதுதான் எண்ணம். பழைய மலிவுக் கார்களை வைத்து மணிக்கணக்காக ஓடும் '24 அவர்ஸ் ஒஃப் லெமன்ஸ்' 2006இல் தொடங்கியது, அதில் எல்லை 190. நுகர்வோருக்கென்று வந்த தேய்வு இலக்கம் இப்படித்தான் விளையாட்டின் வாசல் காவலாளி ஆகியது. அதை அந்த வேலைக்கென்று யாரும் உண்டாக்கவில்லை.

கொம்பனிகள் சும்மா இருக்குமா? 2000களின் தொடக்கத்தில் ஃபல்கன் அசேனிஸ் மலிவாகவும் நன்றாகப் பிடிப்பதாகவும் பேர் எடுத்தது. பிறகு டன்லொப் டிரெஸ்ஸா ஸ்டார் ஸ்பெக், கொரியாவின் ஹன்கூக், கும்ஹோ. 2013இல் பி.எஃப். குட்ரிச், ஓட்டோக்ரொஸ்காரர்களைக் குறிவைத்தே 'றைவல்' என்ற ரயரைக் கொண்டுவந்தது. தரப்படுத்தலுக்கு எதிராக ஒருகாலத்தில் நீதிமன்றம் ஏறிய அதே பெயர், இப்போது அந்தத் தர இலக்கத்தை வைத்தே வியாபாரம் செய்தது. 2015இல் பிரிட்ஜ்ஸ்டோனின் ஆர்.ஈ.-71ஆர் வந்ததும் மைதானமே மாறிப்போனது. 1980களில் போர்ஷே 959க்குப் பூட்டிய ரயரின் பெயரைத் தூசு தட்டி எடுத்து வைத்திருந்தார்கள். அதன் பின் யோக்கோஹாமாவின் ஏ052. இவற்றில் பெரும்பாலானவற்றில் அச்சிட்டிருப்பது 200. ஆனால் 2005இன் 200க்கும் ஏ052இன் 200க்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்றைய முன்னணி 200 ரயர்கள் பழைய போட்டி ரயர்களுக்குக் கிட்ட வந்துவிட்டன, விலையிலும்தான். தேசிய அளவில் வெல்ல நினைப்பவர்கள் தவாளிப்பு மிச்சமிருக்கும்போதே அடுத்த ஜோடியை வாங்குகிறார்கள்.

ஏழை பணக்காரன் பேதத்தைக் குறைக்கப் போட்ட விதி தோற்றுவிட்டதா? எங்கட அபிப்பிராயம், பாதி. முதலிடத்துக்கு ஓடுகிறவர்களுக்குச் செலவு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் நடுவில் ஓடுகிறவர்கள் இழுவைப் பெட்டி இல்லாமல், ஒரே ரயரில் வேலைக்கும் மைதானத்துக்கும் போகலாம். விளையாட்டை உயிரோடு வைத்திருப்பது அந்த நடுவில் உள்ளவர்கள்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ரயர் வாங்குவதைப் பற்றி. 200 என்பது வகுப்பில் சேர அனுமதிச் சீட்டு, அதுக்கு மேல் ஒன்றுமில்லை. கேட்கவேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு நேரம் ஓடப்போகிறீர்கள் என்பது. ஒரு நிமிட ஓட்டத்தில் ரயர் சூடாக நேரமே இல்லை. முதல் வளைவிலேயே பிடிக்கவேண்டும். ஏ052 பேர் வாங்கியது அதனால்தான். அதையே 20 நிமிடம் திடலில் சுற்ற விட்டால் சூடு ஏறி, வழவழத்து, காசு தாராகத் தரையில் ஒட்டிவிடும். ஹன்கூக்கின் ஆர்.எஸ்.4 அதுக்கு நேரெதிர். அதுவும் 200தான். தொடக்கத்தில் மந்தம், ஆனால் சூட்டைத் தாங்கி, மணிக்கணக்காக ஓடும் போட்டிகளில் நிலைத்து நிற்கும். ஒரே இலக்கம், இரண்டு வேறு சாமான்.

இலங்கையிலும் இந்தக் கேள்வி பொருந்தும். நுவரெலியாவில் 1930களில் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் ஒவ்வொரு காராக நேரத்துக்கு எதிராக மேட்டில் ஏறும். குறுகிய ஓட்டம், மலைக் குளிர். அங்கே கெதியாகச் சூடாகிற ரயர்தான் வேலை செய்யும். கொழும்பு வெயிலில் நீண்ட நேரம் ஓடுகிறவருக்கு அதே ரயர் வீண்.

முதல் வருசம் ஓடுகிறவர்களுக்கு 200 தேவையே இல்லை என்பது எங்கட எண்ணம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி 300 போட்ட ரயர் ஒன்று போதும். அது வழுக்கத் தொடங்குவதற்கு முன் முனகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விடும். நீங்கள் எங்கே பிழை விடுகிறீர்கள் என்று காது கேட்கும். கடும் பிடிமான ரயர்கள் உங்கட பிழைகளை மூடி மறைத்து, எல்லை வந்ததும் சட்டென்று கைவிடும். மழையிலும் 300தான் நம்பிக்கை. அரைவாசி தேய்ந்த 200 ரயரில் மாரி மழைக்குள் வீட்டுக்குப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

பழைய ரயர் வாங்குகிறவர்கள் இலக்கத்தை விட்டிட்டுத் திகதியைப் பாருங்கோ. பக்கச்சுவரில் 'டொட்' என்று தொடங்கும் குறியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்திய ரயர், தொடவே வேண்டாம். நல்ல பேர் போன போட்டி ரயர் பாதி விலைக்கு, தவாளிப்பு நிறையக் கிடைக்கிறதென்றால், அது பலமுறை சூடாகி ஆறி இறுகிப்போனதாக இருக்கலாம். நகத்தால் அமத்திப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் புது ரயருக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியும்.

கடைசியாகக் காற்று. திடலில் ஓடும்போது சூட்டினால் அழுத்தம் 5, 6 பி.எஸ்.ஐ. கூடுவது சாதாரணம், அதனால் ஓட்டத்துக்கு இடையில் காற்றைத் திறந்து விடுவார்கள். அப்படி விட்ட ரயர் ஆறியதும் அழுத்தம் ஒரேயடியாகக் குறைந்துபோகும். திரும்பிப் போகும் வழியில் முதல் பெற்றோல் செற்றில் நிறுத்தி, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடித்துவிட்டுப் போங்கோ.